பிரீமியத்தைவிடப் பெரிய எண் ஒன்று இருக்கிறது

கேள்வி: சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவின் கிழக்குக் கரையில், சுமார் 60,000 பேர் வாழும் நகரத்தில் பதினான்கு வருடமாக இருக்கிறோம். இந்த வருடம் என்னை நகரத்தின் நிதி ஆலோசனைக் குழுவில் உறுப்பினராகப் போட்டிருக்கிறார்கள். ஜூன் கூட்டத்துக்கு வந்த முதல் தாளே இன்சூரன்ஸ். பொறுப்புக் காப்பீடு, சொத்துக் காப்பீடு, நிலநடுக்கக் காப்பீடு மூன்றையும் ஜூலை 1 முதல் புதுப்பிக்க வேண்டுமாம். சென்ற வருடத்தைவிட 22 சதவீதம் அதிகம் கேட்கிறார்கள். எங்கள் ஊர் மேல் பெரிய வழக்கு எதுவும் இல்லையே, ஏன் இவ்வளவு ஏற வேண்டும்? நாலு கம்பெனியிடம் கொட்டேஷன் வாங்கக்கூடாதா? அப்புறம், பூகம்பத்துக்கென்று இருபது வருடம் கட்டி ஒரு டாலர்கூடத் திரும்பி வரவில்லை, எதுவும் நடந்தால் கூட்டரசின் பேரிடர் உதவி அமைப்பான ஃபீமா கொடுக்கும், அதை நிறுத்திவிடலாம் என்கிறார் குழுவில் ஒருவர். நான் என்ன சொல்லட்டும்?

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் அனுப்பிய ஐந்து பக்க அறிக்கையை இரண்டு முறை படித்தேன். பிரீமியம் எவ்வளவு என்பது அதில் மூன்று இடத்தில் இருக்கிறது. இழப்பு என்று ஒன்று வந்தால் நகரம் தன் கையிலிருந்து எவ்வளவு போட வேண்டும் என்பது ஓர் இடத்தில்கூட இல்லை. கலிஃபோர்னியா நகரங்களுக்கு இந்த வேலையை நெடுநாளாகச் செய்து வருகிறேன். உங்கள் குழு மல்லுக்கட்ட வேண்டியது அந்த எழுதப்படாத எண்ணோடுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

முதலில் கொட்டேஷன் விஷயம். உங்கள் நகரம் வாங்குவது ஒரு கம்பெனியின் பாலிசி என்று நினைத்திருக்கிறீர்கள். அறிக்கையின் இரண்டாம் பக்கத்தில் ‘கூட்டு அதிகார அமைப்பு’ என்று வருகிறதே, அதுதான் உங்கள் காப்பீடு. 1970களின் நடுவிலும் மறுபடி 80களிலும் இன்சூரன்ஸ் கம்பெனிகள் இங்கே நகராட்சிகளைக் கைகழுவின. தந்தவர்களும் கட்டுப்படியாகாத விலை சொன்னார்கள். அப்போது நகரங்களே ஒன்றுகூடி, ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஒரு பொது நிதி வைத்துக்கொண்டன. இதைத்தான் இங்கே ‘பூல்’ என்கிறோம். இன்று கலிஃபோர்னியாவின் பெரும்பாலான நகரங்கள் ஏதாவது ஒரு பூலில்தான் இருக்கின்றன.

அமைப்பு இப்படி. ஒவ்வொரு வழக்கிலும் முதல் இவ்வளவு தொகையை நகரமே ஏற்கும். அதற்கு மேல் ஓர் அளவுவரை பூல் ஏற்கும். அதற்கும் மேலே மறுகாப்பீட்டுக் கம்பெனிகள், அதாவது காப்புத் தருபவர்களுக்கே காப்புத் தருபவர்கள். நகரம் தானே ஏற்கும் அந்த முதல் தொகையை ‘ரிடென்ஷன்’ என்பார்கள். உங்கள் அறிக்கையில் விடுபட்டிருப்பது இதுதான். இந்த வருடம் அது 1,00,000 டாலரா, 2,50,000 டாலரா, சென்ற வருடத்திலிருந்து மாறியிருக்கிறதா என்று கேளுங்கள். ரிடென்ஷனை இரட்டிப்பாக்கிப் பிரீமியத்தை அடக்கமாகக் காட்டிய அறிக்கைகளை நான் பார்த்திருக்கிறேன். மேலோட்டமாகப் பார்த்தால் மிச்சம் பிடித்த மாதிரி தெரியும். அதே அளவில் நாலு வழக்கு வந்தால் மிச்சம் எங்கே போனதென்று தெரியாது.

பூல் சட்டப்படி இன்சூரன்ஸ் கம்பெனி ஆகாது. மாநில அரசுச் சட்டத் தொகுப்பின் 990.8 பிரிவு அதைத் தெளிவாகவே சொல்கிறது. அதனால் இரண்டு விளைவு. கம்பெனி நொடித்தால் கைகொடுக்கும் மாநில உத்தரவாத நிதி பூலுக்குக் கிடையாது. பூலில் பணம் பற்றாவிட்டால் உறுப்பினர் நகரங்களிடமே கூடுதலாக வசூலிக்கலாம், அதுவும் முடிந்துபோன பழைய வருடங்களுக்கும் சேர்த்து. இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. சிறுவயதில் பாலியல் கொடுமைக்கு ஆளானவர்கள் காலக்கெடு தாண்டியும் வழக்குப் போட 2020 ஜனவரியிலிருந்து மூன்று வருடம் கதவு திறந்துவிட்டது ஏபி 218 என்ற சட்டம். அவர்களுக்கு நியாயம் கிடைத்தே ஆக வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. அந்தத் தொகையின் அளவையும் பாருங்கள்: லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டி மட்டும் 2025இல் 4 பில்லியன் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. சம்பவம் எந்த வருடத்தில் நடந்ததோ அந்த வருடத்துக் காப்புதான் பதில் சொல்ல வேண்டும் என்பது பொறுப்புக் காப்பீட்டின் வழக்கமான ஏற்பாடு. 1980இல் நடந்ததற்கு 1980இன் காப்பைத் தேட வேண்டும். உங்கள் நகரத்தின் பழைய காப்பு ஆவணங்கள் எந்த அலமாரியில் இருக்கின்றன என்று யாருக்காவது தெரியுமா? அதையும் கேட்டுவையுங்கள்.

இனி, பூலிலிருந்து விலக நினைத்தால் பல மாதம் முன்பே எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுக்க வேண்டியிருக்கும். ஜூனில் கொட்டேஷன் கேட்பது, பந்தி முடிகிற நேரத்தில் இலை கேட்பது போலத்தான். வெளியே விலை விசாரிக்கத்தான் வேண்டும், ஆனால் அடுத்த வருடத்துக்காக, இந்த அக்டோபரிலேயே தொடங்குங்கள்.

காப்பே இல்லாமல் போனால் என்ன ஆகும் என்று குழுவில் யாராவது கேட்டால் மேவுட் கதையைச் சொல்லுங்கள். லாஸ் ஏஞ்சலஸுக்குத் தென்கிழக்கே இருக்கும் குட்டி நகரம். போலீஸ் துறை மேல் வழக்குக்கு மேல் வழக்காக வர, 2010இல் அதன் பூல் காப்பை ரத்து செய்தது. வேறு யாரும் எடுத்துக்கொள்ள முன்வரவில்லை. காப்பில்லாமல் ஊழியர் வைக்க முடியாது, ரோந்து வண்டி வெளியே எடுக்க முடியாது. அந்த ஜூன் மாத முடிவோடு நகரம் தன் ஊழியர் அத்தனை பேரையும் வேலையிலிருந்து நிறுத்தியது, போலீஸ் துறையைக் கலைத்துக் காவலைக் கவுண்டி ஷெரிஃபிடம் ஒப்படைத்தது. அதனால்தான் இந்தப் புதுப்பித்தல், விவாதமில்லாமல் மொத்தமாகக் கையெழுத்தாகும் தீர்மானங்களின் பட்டியலில் ஒன்பதாவதாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை.

சரி, வழக்கு இல்லாமலே ஏன் ஏறியது? பூலில் உங்கள் நகரத்தின் கணக்கு ஒரு பங்குதான், மற்ற நகரங்களின் வழக்குகளும் சேர்ந்துதான் விலை. அதைவிடப் பெரிய காரணம் மாநிலச் சட்டம். டெக்சஸில் ஒரு நகராட்சி மேல் வழக்குப் போட்டு வென்றால் மாநிலச் சட்டப்படி ஒருவருக்கு அதிகபட்சம் 2,50,000 டாலர், ஒரு சம்பவத்துக்கு 5,00,000. கலிஃபோர்னியாவில் அப்படி உச்சவரம்பே கிடையாது. தவறு செய்தவரைத் தண்டிப்பதற்கென்றே கூடுதலாக விதிக்கும் தண்டனை இழப்பீட்டிலிருந்து மட்டும் நகராட்சிக்கு விலக்கு உண்டு. ஜூரி கொடுக்கும் தொகைகள் வருடத்துக்கு வருடம் பெரிதாகின்றன. மறுகாப்பீட்டுக் கம்பெனிகள் அதைப் பார்த்து, விலையை ஏற்றுகின்றன அல்லது விலகிக்கொள்கின்றன.

இன்னொன்றைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். குடித்துவிட்டு ஓட்டிய ஒருவர், சாலையைக் கடக்கும் பெண்ணை இடித்துவிடுகிறார். வாழ்நாள் முழுக்க மருத்துவம் தேவை. மருத்துவச் செலவும் இழந்த சம்பளமும் 8 மில்லியன் டாலர். அந்தக் கடவையில் தெருவிளக்கு எரியவில்லை, புகார் வந்து மூன்று மாதம் ஆகியும் மாற்றவில்லை. ஜூரி, ஓட்டுநர் மேல் 95 சதவீதம், நகரத்தின் மேல் 5 சதவீதம் தவறு என்கிறது. ஓட்டுநரிடம் இருப்பது மிகச் சிறிய வண்டிக் காப்பீடு. இப்போது அந்த 8 மில்லியனில் மீதி முழுவதையும் நகரத்திடம் வசூலிக்கலாம். 1986இல் மக்கள் வாக்களித்து நிறைவேற்றிய 51ஆம் முன்மொழிவு, வலிக்கும் வேதனைக்குமான இழப்பீட்டை மட்டுமே அவரவர் தவறின் பங்குக்கு மட்டுப்படுத்தியது. மருத்துவச் செலவு, சம்பள இழப்பு ஆகியவற்றில் 5 சதவீதம் தவறு செய்தவரும் முழுத் தொகைக்குப் பொறுப்பு. எரியாத ஒரு விளக்கின் விலை இது. காயம்பட்ட அந்தப் பெண்ணுக்குப் பணம் கிடைப்பது சரியே. ஆனால் விளக்கை மூன்று மாதம் போட்டுவைத்திருந்தவர்களும் இதே பிரீமியக் கணக்கில்தான் வருகிறார்கள்.

அதனால் பிரீமியத்தைக் குறைக்க உங்கள் கையில் உண்மையாக இருப்பது பராமரிப்பு. ஒரு நகரத்தில் பொதுப்பணி ஊழியர் ஒருவரோடு ஒரு நாள் முழுக்க நடைபாதைகளில் நடந்தேன். அவர் கையில் ஒரு சிறிய அளவுகோலும் வெள்ளைப் பெயின்டும். மர வேர் தூக்கிய ஒவ்வொரு கான்கிரீட் பலகையின் ஓரத்திலும் குந்தி அளப்பார். முக்கால் அங்குலத்துக்கு மேல் என்றால் கோடு போட்டுப் படம் எடுப்பார். இரண்டு நாளில் இயந்திரம் வந்து தேய்த்துச் சமன் செய்துவிடும். மதியத்துக்குள் அறுபதைத் தாண்டிவிட்டோம். விழுந்து இடுப்பெலும்பு முறிந்த ஒரு முதியவரின் வழக்குச் செலவில் அந்த ஊர் முழுவதையும் இப்படிச் சமன் செய்துவிடலாம். முதியவரும் விழாமல் இருப்பார். அளந்த தேதியும் சரிசெய்த தேதியும் பதிவில் இருந்தால், வழக்கு வந்தாலும் நகரத்துக்கு நிற்கக் கால் இருக்கும். சான் ஹோசேயில் வீட்டுக்கு முன்னால் உள்ள நடைபாதைக்கு வீட்டுக்காரரையும் பொறுப்பாக்கும் நகரச் சட்டம் இருக்கிறது. உங்கள் ஊரில் எப்படி என்று நகர வழக்கறிஞரிடம் கேளுங்கள். ஒரு வீட்டுக்காரராகவும் உங்களுக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

காப்பில் எது அடங்காது என்ற பக்கத்தையும் கேட்டு வாங்குங்கள். ஹாஃப் மூன் பே நகரத்தின் மேல் 2007இல் ஒரு நிலத்துக்காக 36.8 மில்லியன் டாலர் தீர்ப்பு வந்தது. நகரம் செய்த வடிகால் வேலையால் நிலம் சதுப்பாகி, வீடு கட்ட முடியாமல் போனது என்பது வழக்கு. கடைசியில் 18 மில்லியனுக்குச் சமரசம் செய்து, கடன் பத்திரம் வெளியிட்டுக் கட்டினார்கள். அரசு நிலத்தைப் பறித்ததற்குச் சமம் என்று வரும் இந்த வகை வழக்குகளைப் பூல்கள் பொதுவாக விலக்கியே வைக்கும்.

சொத்துக் காப்பீட்டில் ஒரே ஒரு விஷயம். கட்டடங்களின் பட்டியலும் ஒவ்வொன்றையும் இன்று புதிதாகக் கட்ட ஆகும் மதிப்பும் ஒரு தாளில் இருக்கும். அதை வாங்கிக்கொண்டு ஒரு சனிக்கிழமை ஊரைச் சுற்றி வாருங்கள். நான் பார்த்த ஒரு பட்டியலில் திறந்து இரண்டு வருடமான நூலகம் இல்லை. இடித்துவிட்ட ஒரு கிடங்கு இருந்தது. தீயணைப்பு நிலையத்தின் மதிப்பு பதினைந்து வருடத்துக்கு முந்தைய கட்டுமான விலையில் நின்றிருந்தது. மதிப்பைக் குறைத்துக் காட்டினால் பிரீமியம் குறையும். எரிந்த அன்று, பட்டியலில் எழுதியதற்கு மேல் தர மாட்டோம் என்பார்கள். இந்த வருட உயர்வில் ஒரு பகுதி, மதிப்பைச் சரியாகத் திருத்தியதால் வந்திருந்தால் அது நல்ல உயர்வு. 22 சதவீதத்தில் விலை எவ்வளவு, மதிப்புத் திருத்தம் எவ்வளவு என்று பிரித்துக் காட்டச் சொல்லுங்கள்.

இனி பூகம்பம். உங்கள் குழு உறுப்பினர் கேட்டது நியாயமான கேள்வி. பாதி சரி என்றும் சொல்வேன்.

சாதாரணச் சொத்துக் காப்பில் நிலநடுக்கச் சேதம் சேராது, தனியாகத்தான் வாங்க வேண்டும். ஆனால் நடுக்கத்தில் எரிவாயுக் குழாய் உடைந்து தீப்பிடித்தால், அந்தத் தீயின் சேதத்துக்குக் கலிஃபோர்னியாவில் சொத்துக் காப்பே பொறுப்பு. 1906இல் சான் பிரான்சிஸ்கோவை அழித்ததில் பெரும்பங்கு தீக்குத்தான். ஆகவே நிலநடுக்கக் காப்பை விட்டாலும் அந்தத் தீக் காப்பு போய்விடாது. மாறாக, ஆட்டத்தில் கூரையின் தீயணைப்புக் குழாய் உடைந்து நூலகம் நனைந்தால் அது நிலநடுக்கச் சேதம்.

காப்பு எப்படி வேலை செய்கிறது என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். வீட்டுக் காப்பீட்டில் கழிவு, அதாவது சேதத்தில் முதலில் நாமே ஏற்கும் தொகை, 1,000, 2,000 டாலர் என்று இருந்து பழகியிருக்கிறோம். இங்கே அது சதவீதம், பெரும்பாலும் 5. எதில் 5 என்பதைப் பாருங்கள்: சேதத்தில் அல்ல, கட்டடத்தின் முழு மதிப்பில். தீயணைப்பு நிலையம் ஒன்றின் மதிப்பு 12 மில்லியன் டாலர் என்று வைத்துக்கொள்வோம். கழிவு 6,00,000. சுவரெல்லாம் வெடித்து 5,00,000 டாலர் சேதமானால் வருவது பூஜ்யம். 4 மில்லியன் சேதமானால் 3.4 மில்லியன் வரும். உள்ளிருக்கும் சாமான்களுக்குத் தனிக் கழிவு. ஒவ்வொரு கட்டடத்துக்கும் இப்படியே. உங்கள் பட்டியலில் உள்ள கட்டடங்கள் எல்லாம் சேர்ந்து 140 மில்லியன் என்றால், ஊர் முழுக்க ஒரே நாளில் பெரிய அடி வாங்கும்போது நகரம் முதலில் தன் கையிலிருந்து போட வேண்டியது 7 மில்லியன். நான் தொடக்கத்தில் சொன்ன எழுதப்படாத எண்ணில், ரிடென்ஷனோடு இதுவும் சேரும். அவசரக் கையிருப்பில் 7 மில்லியன் இருக்கிறதா? இல்லையென்றால் காப்பு வாங்கியும் வேலை தொடங்கப் பணம் இருக்காது.

அடுத்தது, பகிர்ந்துகொள்ளும் வரம்பு. அறிக்கையில் போட்டிருக்கும் பெரிய தொகை உங்கள் நகரத்துக்கு மட்டுமா, பூலின் எல்லா நகரங்களுக்கும் சேர்த்தா? வருடத்துக்கு ஒரு முறைதானா? தீ ஓர் ஊரில் பிடிக்கும். உங்கள் கிழக்குக் கரை நெடுக ஓடும் ஹேவார்டு நிலப்பிளவு ஊர் எல்லை பார்த்து அசையாது. ஒரே பிளவின் மேல் வரிசையாக இருக்கும் நகரங்கள் ஒரே வரம்பைப் பகிர்ந்தால், தேவைப்படும் நாளில் எல்லோரும் ஒரே பானைக்குள் கைவிடுவார்கள்.

அந்தப் பிளவு கடைசியாகப் பெரிதாக அசைந்தது 1868 அக்டோபர் 21. வளைகுடாப் பகுதியில் 2014க்கும் 2043க்கும் இடையில் 6.7 அல்லது அதற்கு மேலான நிலநடுக்கம் வர 72 சதவீத வாய்ப்பு என்பது அமெரிக்கப் புவியியல் ஆய்வகத்தின் கணிப்பு. ஹேவார்டு, ராட்ஜர்ஸ் கிரீக் பிளவுத் தொடருக்கு மட்டும் 33 சதவீதம். இருபது வருடம் பணம் திரும்பவில்லை என்பது நல்ல செய்தி. அது அடுத்த இருபது வருடத்துக்கு உறுதிச்சீட்டு ஆகாது.

ஃபீமா கொடுக்குமா? குடியரசுத் தலைவர் பேரிடர் என்று அறிவித்தால் கொடுக்கும். தகுதியுள்ள செலவில் குறைந்தது 75 சதவீதம் கூட்டரசு, மீதியில் முக்கால் பங்கை மாநிலம் தருவது இங்கே வழக்கம். நகரத்துக்கு வருவது 6.25 சதவீதம். கேட்க நன்றாகவே இருக்கிறது. அறிவிப்பே வராத, உங்கள் ஊரை மட்டும் உலுக்கும் நடுத்தர நிலநடுக்கம் ஒன்று வந்தால்? பணமும் பொதுவாக நீங்கள் செலவழித்த பிறகுதான் வரும், ஒவ்வொரு ரசீதுக்கும் கணக்குக் கொடுத்த பிறகு. 1989 லோமா பிரியட்டா நிலநடுக்கத்தில் அடிபட்ட ஓக்லாந்து நகர மன்றக் கட்டடம், அடியில் அதிர்வுத் தாங்கிகள் வைத்துப் பலப்படுத்தப்பட்டு மறுபடி திறந்தது 1995இல்.

இன்னொரு நிபந்தனை பலருக்குத் தெரியாது. ஒரு கட்டடத்துக்கு ஃபீமா பணம் வாங்கினால், அதன் பிறகு அதே ஆபத்துக்கு அந்தக் கட்டடத்தைக் காப்பில் வைத்திருக்க வேண்டும். நியாயமான விலையில் கிடைக்கவில்லை என்று மாநிலக் காப்பீட்டு ஆணையர் சான்று தந்தால்தான் தளர்வு. 1989க்குப் பிறகு உங்கள் நகரம் எந்தக் கட்டடத்துக்காவது வாங்கியிருந்தால், காப்பை விட்டுவிட்ட பின் வரும் நிலநடுக்கத்தில் அதே கட்டடத்துக்கு உதவி மறுக்கப்படலாம். அந்தக் கோப்பைத் தேடிப் பார்க்காமல் கை தூக்கச் சொல்லாதீர்கள். நகர மன்றக் கட்டடத்தை ஈடுகாட்டிக் கடன் பத்திரம் வெளியிட்டிருந்தால் அதன் நிபந்தனைகளையும் பாருங்கள்.

என் கருத்தைக் கேட்டால், இந்த ஜூலையில் நிறுத்த வேண்டாம். மூன்று தீயணைப்பு நிலையங்கள், போலீஸ் நிலையம், அவசரக் கட்டுப்பாட்டு அறை, இவை மறுநாள் காலை இயங்கியே ஆக வேண்டியவை. பூங்காக் கழிப்பறைகளும் வண்டி நிறுத்தக் கூரைகளும் அப்படி இல்லை. அவற்றைப் பட்டியலிலிருந்து எடுக்கலாம். எடுப்பதால் மிஞ்சுவதைப் பொது நிதியில் கரையவிடாமல் கழிவுத் தொகைக்கென்று தனிக் கையிருப்பில் போடுங்கள். தரை ஆட்டத்தின் அளவு இத்தனையைத் தாண்டினால் சேதக் கணக்குக் கேட்காமல் பணம் தரும் திட்டங்களும் இப்போது கிடைக்கின்றன. உடனடிப் பணத்துக்கு நல்லது, சேதம் முழுவதையும் ஈடுகட்டாது. அக்டோபரில் விலை விசாரிக்கும்போது இதையும் சேர்த்துக் கேளுங்கள்.

புதியவளாக இருந்துகொண்டு முதல் கூட்டத்திலேயே பேசலாமா என்று கடிதத்தின் அடியில் தயங்கி எழுதியிருந்தீர்கள். தாராளமாகப் பேசுங்கள். அஜெண்டா 72 மணி நேரம் முன்பே வெளியாகிவிடும். அன்றே நிதி இயக்குநருக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிட்டால் அவரும் தயாராக வருவார், யார் மனமும் நோகாது. நான் உங்கள் இடத்தில் இருந்தால் இப்படித்தான் எழுதுவேன்: “இந்த வருடம் ஒரு வழக்குக்கு நாம் ஏற்கும் தொகை எவ்வளவு? ஹேவார்டு பிளவில் 7.0 அளவில் நிலநடுக்கம் வந்தால், எல்லாக் கட்டடங்களுக்கும் சேர்த்து நம் கழிவு எவ்வளவு? இந்த இரண்டுக்கும் இன்று எந்தக் கணக்கில் பணம் வைத்திருக்கிறோம்?”